கோடிச் சேலையில் சுடிதார்

1. தடுப்புக்கு இந்தப் பக்கம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குக் கோபம் வந்தது. கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்த புதிது. பஜாரில் காசிம் பாய் தையல் கடையில் சேர்ந்தேன். கடை ஒன்றுதான், நடுவில் பலகைத் தடுப்பு. வலது பக்கம் ஜென்ட்ஸ், அங்கே பாயும் இன்னும் இரண்டு ஆட்களும். இடது பக்கம் லேடீஸ், அங்கே நான் மட்டும். பேண்ட் சட்டை வெட்டுகிறவருக்குப் பெயர் மாஸ்டர். ஜாக்கெட் வெட்டுகிற எனக்குப் பெயர் ஜாக்கெட் அக்கா. அன்றைக்குச் சட்டைத்துணி கொடுக்க வந்த ஒருவர் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“என்ன பாய், லேடீஸுக்கும் ஆள் போட்டாச்சா? ஜாக்கெட்டுதான, யாரு வேணாலும் தைச்சுட்டுப் போறாக.”

பாய் சிரித்தார். நான் புது ஆள், வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன். சட்டை என்றால் காலர், கை, பட்டி, பாக்கெட். அரைக்கை, இல்லாவிட்டால் முழுக்கை. தொப்பை விழுந்தால் வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பேண்ட் ஒரு காலம் கால் பக்கம் அகலும், ஒரு காலம் ஒடுங்கும். அதோடு ஜென்ட்ஸ் பக்கத்துப் படிப்பு முடிந்தது.

இந்தப் பக்கம் வாருங்கள். முன் கழுத்தில் மட்டும் வட்டம், சதுரம், வி, பானை, போட் நெக், காலர் நெக் என்று போய்க்கொண்டே இருக்கும். முதுகுக் கழுத்து தனிக் கதை. கையில் பஃப், எல்போ, முக்கால், மணிக்கட்டு வரை. கிராஸ் கட், பிரின்ஸஸ் கட், லைனிங், பைப்பிங், நாட். சுடிதார் என்று சொன்னால் டாப் வேறு, பேண்ட் வேறு, அதில் பாட்டியாலா வேறு, பலாஸோ வேறு. ஒருத்தி போனில் ஒரு படத்தைக் காட்டி, “கழுத்து இது மாதிரி, கை மட்டும் வேற படத்துல இருக்குக்கா” என்பாள். இரண்டு படத்தையும் ஒரே துணியில் கொண்டுவர வேண்டும். இதைத்தான் யார் வேண்டுமானாலும் தைப்பார்களாம்.

இதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. ஜவுளிக்கடையில் பெண்டாட்டி சேலை பார்க்கும்போது நாற்காலியில் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருப்பவர்கள், “எங்களுக்கு ஒரு சட்டை போதும், இவளுகளுக்குத்தான் இத்தன பகட்டு” என்று பெருமை அடித்துக்கொள்வது. ஒரு சட்டை போதும் என்பது அவர்களுடைய எளிமையாம். அது எளிமை இல்லை, வேறொன்று. அது என்ன என்று எனக்கு விளங்க நிறைய வருஷம் ஆனது.

2. பையைப் பார்த்தே சொல்லுவேன்

இந்தத் தொழிலில் கொஞ்ச நாள் இருந்தால் துணிப்பையைத் திறந்ததும் ஆளைச் சொல்லிவிடலாம். முழங்கை வரை கையும் ஏறிய கழுத்தும் கேட்டால் டீச்சர். முதுகை நன்றாக இறக்கி, நாட் வைத்து, குஞ்சமும் தொங்கவேண்டும் என்றால் சொந்தத்தில் கல்யாணம். போன தடவை இறக்கச் சொன்ன கழுத்தை இந்தத் தடவை ஏற்றச் சொன்னால் மாமியார் வீட்டோடு வந்து இருக்கிறார் என்று அர்த்தம். பாய்மார் வீட்டுப் பெண்கள் புர்காவுக்கு உள்ளே போடுகிற சுடிதாரில் வேலைப்பாடு ஒரு இழை குறைந்தாலும் விடமாட்டார்கள். மல்லாங்கிணற்றிலிருந்து வரும் ஒரு அக்கா துணியைக் கொடுத்துவிட்டு எப்போதும் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: “போன தடவை மாதிரி வேண்டாம்.”

இதில் எனக்கு ஒரு கர்வமே இருந்தது. ஜென்ட்ஸ் பக்கத்துப் பையில் ஒன்றும் தெரியாது. கோடு போட்ட சட்டைத்துணி, சிமெண்ட் கலர் பேண்ட் துணி. கொடுத்தவருக்குக் கல்யாணம் ஆயிற்றா, ஆகவில்லையா, வீட்டில் நல்லதா கெட்டதா, எதையும் சொல்லாது. பாவம், ஆம்பளைகளுக்குத் துணியில் பேசக்கூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

3. முத்துமாரி கொண்டுவந்த பை

முத்துமாரி திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில் வாக்கப்பட்டவள். முப்பது வயதைத் தாண்டியிருக்காது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் தூத்துக்குடி ரோட்டில், பந்தல்குடி தாண்டி ஒரு விபத்தில் போய்விட்டான். வருஷம் திரும்பவில்லை. என் கடைக்கு வந்தபோது கையில் இருந்த பை நிறையச் சேலைகள். எல்லாம் புதுசு, மடிப்புக் கலையாதவை. ரோஸ், பச்சை, கத்தரிப்பூ, மஞ்சள்.

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. புருஷன் செத்த வீட்டில் பிறந்த வீட்டாரும் சொந்தக்காரர்களும் அந்தப் பெண்ணுக்குக் கோடிச் சேலை எடுத்துப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். முன்பெல்லாம் வெள்ளை. இப்போது காலம் மாறிவிட்டது என்று கலர் சேலை போடுகிறார்கள். காலம் அவ்வளவுதான் மாறியிருக்கிறது. போடுவார்கள், அதை அவள் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் முகத்தைத் திருப்புவார்கள். அந்தச் சேலைகள் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். பெண்டாட்டி செத்தவனுக்கும் மாமனார் வீட்டில் வேட்டி துண்டு எடுத்துக் கொடுக்கிறார்கள். அவன் மறுவாரமே அதைக் கட்டிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். யாராவது திரும்பிப் பார்த்திருக்கிறார்களா?

“அக்கா, இதுல சுடிதார் வருமா?” என்றாள்.

“தாராளமா வரும். முந்தியில ஷாலே எடுத்துரலாம். ஆனா இது கோடிச் சேலைல்ல?”

“ஆமாக்கா. லேப்ல வேல கெடச்சிருக்கு. வீடு வீடா போயி ரத்தம் எடுத்துட்டு வரணும். சேலையக் கட்டிக்கிட்டு ஸ்கூட்டில ஏறி எறங்க முடியல. திங்கக்கெழம சேரணும். சுடிதாருல வந்தாதான் வேலைன்னு சொல்லிட்டாக.”

“புதுசா துணி எடுத்துட்டு வரலாம்ல?”

“புதுத்துணி எடுத்தா யாருக்குக் காட்டப் போறன்னு கேப்பாகக்கா. இது அவுக போட்ட துணிதான. இத யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாகன்னு நெனச்சேன்.”

அவள் யோசனை எனக்கும் சரியாகத்தான் பட்டது. அளவு சுடிதார் அவளிடம் இல்லை. டேப் வைத்து அளவெடுத்தேன். போகும்போது திரும்பி வந்து, “பேண்ட்டுல பாக்கெட் வைங்கக்கா. போன வைக்கணும், பேஷண்ட் கூப்புட்டுக்கிட்டே இருப்பாக” என்றாள்.

4. கத்திரி

மறுநாள் ரோஸ் சேலையை முதலில் வெட்டினேன். டாப்பின் பாகங்கள் மேஜையில் கிடந்தபோது அவள் ஊர்க்கார அம்மா ஒருவர் ஜாக்கெட் வாங்க வந்தார். மேஜையைப் பார்த்தார். துணியை விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

“இது நான் எடுத்துப் போட்ட கோடில்ல?”

அவ்வளவுதான் சொன்னார். ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து லேடீஸ் பக்கத்து வாசல்படியில் நின்றார். வெள்ளைச் சட்டை, சிமெண்ட் கலர் பேண்ட், சட்டைப்பையில் பேனா. முகம் பழக்கமானதுதான். பாயிடம் சட்டை தைக்கக் கொடுக்கிறவர், பெயர் முருகேசன். முத்துமாரியின் புருஷனுக்கு அண்ணன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“முத்துமாரி குடுத்த சேலையெல்லாம் எங்க?”

“உள்ள இருக்குண்ணே. என்ன விசயம்?”

“என் தம்பி சம்சாரம் அவ. வெட்டாத சேலையெல்லாம் எடுத்து இந்தப் பையில போடுங்க.”

“குடுத்தவுக வரட்டும்ணே, அவுக கையிலதான் தருவேன்.”

“கோடிச் சேலைய வெட்டிச் சுடிதார் மாட்டிக்கிட்டு ஸ்கூட்டில சுத்துவாளாம். என் தம்பி போயி இன்னும் வருசம் முடியல. பாக்குறவன் என்ன சொல்லுவான்?”

“வேலைக்குப் போறாகன்னு சொல்லுவான்.”

அவர் முகம் கறுத்துவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாய், “சந்திரா, குடுத்துரும்மா. நமக்கு எதுக்கு ஊர் வம்பு” என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. கத்திரி படாத துணியை வீட்டு ஆள் வந்து கேட்டால் கொடுத்துவிடுவோம். கத்திரி பட்டுவிட்டால் அது அளவு கொடுத்தவருடையது, பிறகு யார் வந்து கேட்டாலும் கிடையாது. ரோஸ் சேலை தப்பித்துவிட்டது. பச்சைச் சேலை மேஜையில் விரித்து, சாக்பீஸ் கோடு போட்டு, வெட்டாமல் இருந்தது. மற்றவை மடித்தபடி இருந்தன. அவரும் விவரமானவர்தான், அதனால்தான் வெட்டாத சேலை என்று கேட்டார். ஒரே ஒரு சுடிதாரை வைத்துக்கொண்டு அவள் எப்படி வாரம் முழுக்க வேலைக்குப் போவாள்?

நான் அசையவில்லை. அவர் போனை எடுத்து முத்துமாரியைக் கூப்பிட்டார். நான் கேட்கவேண்டும் என்பதற்காகவே ஸ்பீக்கரில் போட்டார்.

“முத்துமாரி, டெய்லர் கடைல நிக்கேன். சேலையத் திருப்பிக் குடுக்கச் சொல்லு இந்தம்மாகிட்ட.”

அந்தப் பக்கத்தில் அவள் மாமியார் போலிருக்கிறது, “சொல்லு, சொல்லித் தொல” என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. படி வரைக்கும் வந்து போனைப் பார்த்துக் குனிந்தேன்.

“முத்துமாரி, சந்திராக்கா பேசுறேன். துணி ஒன்னுது, அளவும் ஒன்னுது. வேற யாரு சொல்லியும் நான் செய்யமாட்டேன். நீ சொல்லு. வெட்டவா, வேண்டாமா?”

அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அத்தனையையும் மடித்துக் கொடுத்திருப்பேன். மனசு ஆறியிருக்காது, ஆனாலும் கொடுத்திருப்பேன்.

“திங்கக்கெழம டூட்டிக்கா” என்றாள். “எல்லாத்தையும் வெட்டிருங்க.”

உள்ளே போனேன். அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பச்சைச் சேலையில் கத்திரியைப் போட்டேன். அடுத்து கத்தரிப்பூ. அடுத்து மஞ்சள். அவசரத்தில் வெட்டவில்லை, கோடு போட்டு, தையலுக்கு இடம் விட்டு, ஒழுங்காகத்தான் வெட்டினேன்.

“இனிமே இந்தக் கடைக்கு எங்க ஊருத் துணி ஒண்ணு வராது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடியே நடந்தது. அந்த வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு அந்த ஊரிலிருந்து எனக்கு ஒரு ஜாக்கெட்கூட வரவில்லை. பாய் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவே சில வாரம் ஆனது. முத்துமாரி சொன்ன நாளில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் மாமியார் பேச்சை நிறுத்திவிட்டாராம். பரவாயில்லைக்கா, இருக்கட்டும் என்றாள். ஒரு வீட்டில் ரத்தம் கொடுக்கக் கையை நீட்டிய அம்மா, ஊசி குத்துமுன்னே ஷாலைப் பிடித்துப் பார்த்து, “இது சேலைத்துணில்ல? யாரு போட்ட கோடி?” என்று கேட்டாராம். கேட்ட எனக்குக் கண் மண் தெரியாமல் ஆத்திரம் வந்தது. அவளோ, “கைய இறுக்கி மூடுங்கம்மான்னு சொல்லி எடுத்துட்டு வந்துட்டேன்” என்றாள்.

5. சட்டை

எங்கள் ஊர்த் துணி வராது என்று அவர் சொன்னது பெண்களுடைய துணியைத்தான் போலிருக்கிறது. சில மாதம் கழித்து முருகேசனே ஒரு சட்டைத்துணியோடு வந்து ஜென்ட்ஸ் பக்கம் நின்றார். இளநீலம். என் பக்கம் திரும்பவில்லை.

“அளவு எடுக்கணுமாண்ணே?” என்றார் பாய்.

“பழைய அளவே இருக்கட்டும் பாய். வெள்ளிக்கெழம வேணும். பொண்ணு பாக்கப் போறோம்.”

அவர் போனபிறகு, “மகனுக்கா பாய்? மகன் அவ்வளவு பெரியவனா?” என்று கேட்டேன்.

பாய் துணியை மடித்துக்கொண்டே சொன்னார். “மகனுக்கு இல்லம்மா, அவுகளுக்குத்தான். அவுக சம்சாரம் தவறிட்டாக. தம்பி போறதுக்கு முன்னாடியே. ஒனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. மனைவி இருந்தபோதும் இதே கடையில்தான் சட்டை தைத்தார். செத்த வருஷமும் தைத்தார், அதற்குப் பிறகும் தைத்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். பையைப் பார்த்தே பெண்களின் வீட்டு விஷயத்தைச் சொல்கிறவள் நான். படியில் நின்று ஒருத்தியின் கோடிச் சேலையைக் கேட்டு அவர் கத்திய அன்றைக்குக்கூட, இவரும் துணையை இழந்தவர் என்று எனக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அந்த வெள்ளைச் சட்டையில் எங்கே எழுதியிருந்தது?

ஆம்பளைகளைப் பாவம் என்று இத்தனை வருஷம் நினைத்த என்னை எதால் அடிப்பது? எங்கள் துணி ஆயிரம் பேசுகிறது என்று பெருமைப்பட்டேன். பேசுவதை எல்லாம் ஊரே படித்துக்கொண்டு நிற்கிறது, தப்புக் கண்டுபிடித்துத் திருத்தவும் செய்கிறது. அவர்கள் துணி வாயைத் திறக்காது. யாரும் படிக்கவும் மாட்டார்கள். ஒரு சட்டை போதும் என்பதில் இருக்கிற சுகம் அதுதான்.

வெள்ளிக்கிழமை சட்டை வாங்க வந்தார். நான் எழுந்து தடுப்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். பாய் பதறிப்போய் என்னைப் பார்த்தார். சண்டை போடத்தான் போனேன். ஆனால் குரல் தன்மையாகத்தான் வந்தது.

“சட்டை நல்லா இருக்குண்ணே. பொண்ணு பாக்கப் போறீகளாம். இந்தக் கலர் போடலாமான்னு வீட்டுல யாருகிட்ட கேட்டீக?”

அவர் என்னைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

“சட்டைக்குப் போயி யாருகிட்டம்மா கேக்கணும்?”

கிண்டல் இல்லை, முறைப்பும் இல்லை. நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

புதிதாக மிஷினில் உட்காருகிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கழுத்து எவ்வளவு, கை எவ்வளவு, என்ன கலர் என்று உடுத்தப் போகிறவளிடம் மட்டும் கேளுங்கள். கூட வந்தவர் பதில் சொன்னால் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவள் வாயைத் திறக்கும்வரை சும்மா நில்லுங்கள்.