எதுவரைக்கும் தெரியும்?

தெமோதரைப் பக்கம் ரயில் பாதைக்காக மலையைக் குடைந்து வெடி வைத்துக்கொண்டிருந்த காலம். அந்தச் சத்தத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களின் வரிசை வீட்டுக் கோழிகளெல்லாம் முட்டையிடுவதை நிறுத்திவிட்டதாகப் பெண்கள் குறைப்பட்டார்கள். எங்கள் கோழி மட்டும் நிறுத்தவில்லை. அது செவிடு என்பாள் என் மனைவி. அது கிடக்கட்டும். அந்த வருஷம்தான் என் மகள் பள்ளிக்கூடப் பரீட்சையில் தவறினாள்.

பெரட்டுக் களத்தில்தான் விடியற்காலையில் ஆள் எண்ணி வேலைக்குப் பிரிப்பார்கள். அதை ஒட்டிய தகரக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். ஒரே வாத்தியார், பதுளையிலிருந்து வந்த இளவட்டம். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து பரீட்சை வைப்பார். தவறிய பிள்ளையை மறுநாளே கூடையோடு கொழுந்து பறிக்க அனுப்புவது எங்கள் தோட்டத்து வழக்கம். சட்டமொன்றும் இல்லை, பழகிப்போன காரியம். ஆள் பிரிக்கிற கங்காணி சாயந்தரமே வந்து, நாளைக்கு அவளை அனுப்பச் சொல்லிவிட்டார். மகள் சிலேட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

விடிந்ததும் நேரே வாத்தியாரிடம் போனேன். அப்போது எனக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடியின் தலையை வெட்டிவிடுகிற அந்தக் கத்தி கையிலேயே இருந்தது. மனிதர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"பயப்படாதீங்க வாத்தியாரய்யா, இது செடிக்குத்தான்" என்றேன். "எம்மகளுக்கு எதுவரைக்கும் தெரியும்? அதக் கேக்கத்தான் வந்தேன்."

கணக்கில் தவறிவிட்டாள் என்றார். அது எனக்கும் தெரியும். எதுவரைக்கும் தெரியும் என்று மறுபடி கேட்டேன். தனித்தனியாகப் பார்த்ததில்லை என்றார். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாடம், ஒரே வேகம்.

நான் எழுத்து படிக்காதவன். என் வேலையைத்தான் சொன்னேன். கவ்வாத்துக்குப் போனால் முதலில் செடியைப் பார்ப்போம், பிறகுதான் கத்தி வைப்போம். கொழுத்த செடியை ஒரு மாதிரி வெட்டுவோம். நோஞ்சான் செடிக்கு இலையோடு ஒரு கிளையை விட்டுவைப்போம், அதை வைத்து அது மூச்சு விடும். எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டினால் பாதி பட்டுப்போகும்.

வாத்தியார் என் மகளைக் கூப்பிட்டு, பெரிய கணக்கிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கிக் கேட்டார். கூட்டல் நன்றாகவே வந்தது. கழித்தலில் பக்கத்து இலக்கத்திலிருந்து கடன் வாங்குகிற இடத்தில் நின்றுவிட்டாள். "அட, இம்புட்டுத்தானா" என்றார் வாத்தியார். அப்படியே பெரட்டுக் களத்துக்கு நடந்தார்.

"இந்தப் பிள்ள எனக்கு வேணும் கங்காணி."

"ஏன், ஒங்க வீட்டுலயும் கொழுந்து எடுக்கணுமா?"

களமே சிரித்தது. வாத்தியார் விடவில்லை, கழித்தல் ஒன்றுதான் பாக்கி என்று மறுபடி மறுபடி சொன்னார். கடைசியில் கங்காணி அடுத்த பரீட்சை வரைக்கும் தவணை கொடுத்தார்.

அந்த வாரமே வாத்தியார் எல்லாப் பிள்ளைகளையும் அப்படிக் கேட்டுப் பார்த்து மூன்று கூட்டமாக உட்கார வைத்தார். முந்தி ஓடியவர்களுக்கு அடுத்த புத்தகம், பிந்தியவர்களுக்கு நின்ற இடத்திலிருந்து பாடம். மாதா மாதம் கேட்டு இடம் மாற்றினார். மறு வருஷம் என் மகள் தேறினாள். முதலாவதாக இல்லை, நடுவில். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். கழித்தல் சங்கதியை விட்டுவிடச் சொல்கிறாள். விடமாட்டேன்.

நமுனுகுலப் பக்கமோ மடுல்சீமைப் பக்கமோ உள்ள தோட்டங்களுக்குப் போகிறவர்கள் எந்த வாத்தியாரைக் கண்டாலும் இதைச் சொல்லுங்கள். பரீட்சை வைக்கட்டும். பிள்ளை தவறினால், எங்கே நின்றது என்று பார்த்து அங்கிருந்து பாடத்தைத் தொடங்கட்டும்.