கேதம் தவிர மற்றதெல்லாம்

ஸ்டுடியோக்காரன் பிழைப்பில் பாதி படம் எடுப்பது, மீதி எடுத்ததில் எதை ஒதுக்குவது என்று தலையைச் சொறிவது; கம்ப்யூட்டரில் கோப்புகளோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடைப்புக்குறிக்குள் மச்சான்

வண்டிப்பெரியாரில் என் ஸ்டுடியோ. கம்ப்யூட்டரில் லினக்ஸ். படங்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கித் தேர்ந்தெடுக்க எனக்குப் பொறுமை இல்லை, கட்டளைதான் எழுதுவேன். ஆச்சரியக்குறி போட்டு, அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரும் நட்சத்திரக்குறியும் வைத்தால், அந்தப் பெயரில் தொடங்குபவை நீங்கலாக எல்லாம் வரும். ஆனைக்கரை ஏலத்தோட்டக்காரர் ஒருவருக்கு இப்படித்தான் ஒரு நாள் வேண்டாத படங்களை ஒதுக்கிக் கொடுத்தேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "கல்யாணத்துக்கு அழைக்கவும் இப்படி எழுதலாமா தம்பி? உள்ள என் ரெண்டு மச்சானையும் போட்டுரு."

மண்டபத் திரைக்கு

பாக்கியம் அக்கா எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். கணவர் போன வருடம் இறந்துவிட்டார். இப்போது மகளுக்குக் கல்யாணம். மண்டபத் திரையில் குடும்பப் படங்கள் ஓட வேண்டும். அந்த வீட்டு விசேஷமெல்லாம் நான் எடுத்ததுதான். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்கும் போட்டோகிராபரைக் கூப்பிடுவார்கள். சொந்தபந்தமெல்லாம் இறந்தவரைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்ளும். அந்தப் படங்களின் பெயர் 'கேதம்' என்று தொடங்கும்படி வைப்பது என் வழக்கம். அக்கா கண்டிப்பாகச் சொன்னார்: "மாலையோட நிக்கிற புள்ள முன்னால, அழுத மொகம் ஒண்ணுகூட வரக் கூடாது தம்பி."

ஆள் எங்கே

!(கேதம்*) என்று எழுதி, வந்த படங்களை ஓடவிட்டேன். காதுகுத்து, சடங்கு, மாரியம்மன் திருவிழா. கடைசிவரை பார்த்துவிட்டு அக்கா மெதுவாக, "அவரு எங்க?" என்றார்.

எதிலும் இல்லை. காதுகுத்தில் பந்தல் வேலை, சடங்கில் அடுப்படி. மனிதர் கேமரா முன் நின்றதே இல்லை. சாவு வீட்டில் எடுத்தவை போக இருந்த ஒரே படம், அன்று சட்டம் போட்டு மாட்டுவதற்காக அடையாள அட்டையிலிருந்து நான் பெரிதாக்கியது. அதன் பெயரும் கேதம் என்றே தொடங்கியதால் கட்டளை அதையும் ஒதுக்கிவிட்டது. திறந்து காட்டினேன். "இதுவும் கேதப் படந்தானேக்கா" என்று தயங்கினேன்.

"சட்டையப் பாரு, நான் எடுத்துக் குடுத்தது. இதுல அவரு உசுரோடதான இருக்காரு?"

கோப்பின் பெயரை 'அப்பா' என்று மாற்றி, அதே கட்டளையை மறுபடி ஓட்டினேன். அகர வரிசையில் அதுவே முதல் படமாக வந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார், கண் கலங்கியிருந்தது. "முன்னால வந்து நில்லுங்கன்னா ஒருநாளும் கேக்க மாட்டாரு. இப்பப் பாரு."

பெயரைப் பார்த்து ஒதுக்கக் கட்டளை போதும். ஆளைத் தேடிச் சேர்க்க, பக்கத்து நாற்காலியில் பெண்டாட்டி உட்கார்ந்திருக்க வேண்டும்.