கப்பலில் வந்த பூட்டன்

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னுக்கு வந்த புதிதில், நோபல் பார்க்கில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாவின் வீட்டில் அறை எடுத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் காணிக் கந்தோரில் பன்னிரண்டு வருஷம் இருந்தவன் நான். துரைமார் காலத்து இங்கிலீஷ் காணி உறுதிப் பத்திரங்கள், கோழி கிண்டின மாதிரி கையெழுத்து, எல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. இதை வாய்தவறி வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமையே என்னைத் தன் சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனா.

யோர்க்‌ஷயரிலிருந்து வந்த மூதாதையரைத் தேடுவோர் சங்கம். இருபது பேர் இருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் இங்கிலாந்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அங்கே எந்தப் பள்ளத்தாக்கு ஆட்கள் உசத்தி என்று தேத்தண்ணி ஆற ஆறச் சண்டை பிடித்தார்கள். எங்கள் ஊரில் கலியாணம் பேசும்போதுதான் இப்படிக் குலம் கோத்திரம் கிண்டுவோம். இவர்கள் கலியாணமே இல்லாமல் கிண்டினார்கள்.

தலைவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். "உங்கட ஆட்கள் எந்த இடம்?" என்று கேட்டார்.

"யாழ்ப்பாணம்."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதலும் யாழ்ப்பாணம்தான்."

பாவம் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கு இன்னொரு பிஸ்கட் தந்தார்.

அவருடைய பூட்டனார் அரசாங்கக் கப்பலில், அரசாங்கச் செலவில் தாஸ்மேனியாவுக்கு வந்தவராம். பெரிய உத்தியோகமாக இருந்திருக்க வேண்டும் என்பது குடும்பத்தின் நம்பிக்கை. அன்று இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்திருந்த, பூட்டனாரைப் பற்றிய பழைய கையெழுத்துப் பதிவின் பிரதியை எடுத்து என் முன்னால் வைத்தார். "சத்தமாக வாசியுங்கோ."

நான் முதல் வரியைப் பார்த்தேன். "தனியாக வாசிக்கட்டோ?" என்றேன்.

"எல்லாரும் கேக்கட்டும்."

வாசித்தேன். செம்மறியாடு இரண்டு திருடியது. தண்டனை, ஏழு வருஷம் தாஸ்மேனியாவுக்கு நாடுகடத்தல்.

ஒரு கதிரை கிரீச்சிட்டது. தலைவர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கந்தோரில் எத்தனையோ பேருக்குக் காணி இல்லை என்று சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கும் பூட்டன் இல்லாமல் செய்ததில்லை.

இரண்டு கூட்டத்துக்கு அவர் வரவில்லை. மூன்றாவதுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். குற்றவாளி மூதாதையர் இருப்பதுதான் இப்போது பெருமை என்று பேரப்பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். "பட்டினியில எடுத்த ஆடு. வீரமான ஆள்," என்றார். போன மாதம் வரை அதிகாரியாக இருந்த பூட்டனார் இப்போது புரட்சிக்காரராகிவிட்டார். அவர் சொல்லச் சொல்ல இரண்டு ஆடும் அன்று பின்னேரமே நாலாகிவிட்டது.

கூட்டம் முடிந்ததும் என் வீட்டுக்கார அம்மா என் கையைப் பிடித்தா. அவவின் வம்சம் முழுக்க மாவரைப்பவர்கள், தேவாலய மணி அடிப்பவர்கள். "வடிவாப் பாருங்கோ," என்று கெஞ்சினா. "ஒருத்தராவது ஏதாவது களவெடுத்திருக்க மாட்டாரோ?"

அவ தபாலில் எடுப்பித்த பழைய பதிவுகளில் மூன்று மாதம் தேடினேன். தேவாலய வளவுக்குள் பன்றியை விட்டதற்காகத் தண்டம் கட்டின ஒருவர் கிடைத்தார். அவ சந்தோஷத்தில் அழுதே விட்டா. அந்தக் கிழமை வாடகையை வாங்கவும் மறுத்துவிட்டா.