எட்டாவது பாவு

எங்கள் அப்பாவுக்கு உயரமென்றால் பயமில்லை, ஊசியென்றால்தான் பயம். காஞ்சிபுரத்தில் பாதித் தறிக்கூடங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டவர் அவர். மீசை முளைக்கிற வயதிலிருந்தே ஷீட் வெட்டி, தலையெல்லாம் வெள்ளைத் தூளாகத்தான் வீடு திரும்புவார்.

எனக்குப் பத்து வயதானபோது அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சென்னையில் நெஞ்சிலிருந்து நீரை எடுத்து, சதையைக் கிள்ளிச் சோதித்து, நுரையீரலை மூடியிருக்கும் உறையில் புற்றுநோய் என்றார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு முன் உள்ளே போன தூள் இப்போதுதான் வேலையைக் காட்டுகிறதாம். அறுவை செய்யும் கட்டம் தாண்டிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினால் நோய் போகாது, கொஞ்சம் தள்ளிப்போகும்.

எவ்வளவு நாள் என்று அம்மா கேட்டிருக்கிறாள். ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தாண்டியும் சிலர் இருக்கிறார்கள், யாராலும் நாள் குறிக்க முடியாது என்று டாக்டர் பக்குவமாகத்தான் சொன்னாராம்.

அம்மா பட்டு நெய்கிறவள். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற இழைகள்தான் பாவு. ஒரு பாவில் மூன்று சேலை, நெய்து முடிக்க ஒன்றரை மாதம். எங்கள் தெருவில் கல்யாணமானாலும் பிரசவமானாலும் இத்தனை பாவு என்றுதான் நாள் எண்ணுவார்கள். அன்று சாயங்காலம் பெரியம்மாவிடம் அவள் அப்படித்தான் சொல்லி அழுதாள்.

"எட்டுப் பாவு ஓடுமாம்க்கா. அதோட செரியாம்."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டாவது பாவு தீருகிற அன்று அப்பா செத்துப்போவார் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு தறிச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வேன். மருந்து ஏற்றிய நாட்களில் அப்பா வாந்தியெடுத்துச் சுருண்டு கிடப்பார். அம்மா அவர் தலையைப் பிடித்துவிட்டு மறுபடி தறிக்குப் போவாள். இவள்தான் அப்பாவைக் கொல்கிறாள் என்றுகூட நினைத்தேன். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏழு பாவும் தீர்ந்து எட்டாவது ஏறியது. அம்மா அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்து, தினமும் நாலைந்து இழைகளைக் கத்தரித்துவிட ஆரம்பித்தேன். ஒருநாள் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னா பாப்பா பண்ணிக்கினு இருக்கற?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. "பைத்தியமே, பாவு பாத்துக்கினா சாவு வரும்?" என்றார். பிறகு தறியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லக் கேட்டார்.

"இன்னும் எவ்ளோமா மீதி இருக்குது?"

"ஒண்ணரை சேலைப்பா."

ஊசி பயத்தைத் தவிர வேறொரு பயத்தை அவர் முகத்தில் நான் பார்த்தது அன்றுதான். கத்தரிக்கோலைப் பிடுங்கவில்லை. என் தலையைத் தடவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நாலு மாதமாகியும் அந்தப் பாவு தீரவில்லை. நெய்யப் பட்டு கொடுத்த முதலாளி போன் மேல் போன் போட்டார். "இழை அறுந்துக்கினே இருக்குதுண்ணா, நான் இன்னா பண்றது?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உள்ளூரப் பெருமை. ஆனால் ஒரு காலையில், தறியில் ஒரு சேலை மீதியிருக்கும்போதே, அப்பாவின் மூச்சு நின்றுவிட்டது.

"பாவு தீரலையேம்மா!" என்று நான் கத்தினேன். பிள்ளை பிதற்றுகிறது என்றார்கள் வந்திருந்தவர்கள். அம்மா மட்டும் என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அப்பாவை அத்தனை நாள் பிடித்துவைத்தது நான்தான் என்று பல வருடம் நம்பியிருந்தேன். கல்யாணமான பிறகுதான் நானும் தறியில் உட்கார்ந்தேன். அறுந்த நாலைந்து இழைகளை முடிபோட எனக்கே ஐந்து நிமிடம் ஆகவில்லை. அம்மாவோ தெருவிலேயே கை வேகமானவள். அந்த நாலு மாதமும் தினமும் தறியில் உட்கார்ந்தபடி முக்கால்வாசி நேரம் அவள் நெய்யாமலே இருந்திருக்கிறாள் என்பது, பக்கத்திலேயே இருந்த எனக்குத் தெரியவில்லை.