பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

டக்... டக்... டக்...

முதலில் பல்லி என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் ட்யூப்லைட்டுக்குப் பின்னால் இருந்த பல்லி சிவனே என்று கிடக்கிறது. சத்தம் மேஜைக்கு அடியில், சிபியூவுக்குள் இருந்து வருகிறது!

பழங்காநத்தத்தில் பாண்டியண்ணன் நடத்திய வீடியோ ஸ்டுடியோ அது. டிகிரி முடித்ததும் எடிட்டராகச் சேர்ந்த என் முதல் வேலை. போனில் எல்லாரும் வீடியோ எடுக்காத காலம்.

சாகப்போகிற அந்த ஹார்ட் டிஸ்க்கில் வனிதாவின் கல்யாணம் இருந்தது. அடுத்த தெருப் பெண். கல்யாணம் முடிந்த இரண்டே வாரத்தில் அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்ததும் அவளே கடைக்கு வந்தாள்.

"போட்டோ இருக்குண்ணே. அப்பா பேசுறது எங்கிட்ட எதுலயும் இல்ல. கல்யாண வீடியோவுல இருக்கும்ல?"

"இருக்கும்மா, பத்து நாள்ல தாரேன்" என்று வாக்குக் கொடுத்தவன் நான்தான். அதை எடிட் செய்ய ஆரம்பிக்கவே இல்லை. வேறு காப்பியும் கிடையாது. கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிடுவோம்... எங்கள் வழக்கம் அப்படி.

அண்ணன் டவுனுக்கு ஓடிப்போய்ப் புது டிஸ்க் வாங்கி வந்தார். அதே கம்பெனி, அதே சைஸ். ஃபோல்டரைத் திறந்தாலே கம்ப்யூட்டர் ஹேங் ஆனதால், ஒரு டிஸ்க்கை முழுதாக இன்னொன்றில் இறக்கிவிடும் சாஃப்ட்வேர் ஒன்றை எடுத்து வைத்தேன். எது பழசு என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆயுத பூஜைக்கு சிபியூவைக் கழற்றி, உள்ளே இருக்கிற டிஸ்க்குக்கே சந்தனம் குங்குமம் வைக்கிற ஆள் எங்கள் அண்ணன். பொட்டு இருந்தால் பழசு... அவ்வளவுதான்.

இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்ததும் பொட்டு வைத்ததை முதல் ஒயரில் மாட்டினேன், மற்றதை இரண்டாவதில். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு என்று கொடுத்தேன். 'இரண்டாவதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா?' என்று கேட்டது. புது டிஸ்க்கில் என்ன பெரிய புதையல் இருக்கப்போகிறது என்று ஓகே அடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்து குனிந்து காது கொடுத்துக் கேட்டார்.

"பாத்தியா மாப்ள, பொட்டு வச்சது சத்தமே இல்ல. பழசுதேன் கெடந்து கத்துது."

"அண்ணே... பொட்டு வச்சதுதானே பழசு?"

"பழசத் தொடச்சிட்டேன்டா. தூக்கிப் போடப்போறதுல பொட்டு இருக்கலாமா? நீ சாப்பிடப் போனப்ப புதுசுக்கு வச்சேன்."



ஒன்றுமே இல்லாத டிஸ்க்கை எடுத்து, வனிதாவின் அப்பா மேல் எழுதிக்கொண்டிருக்கிறேன்! ஒயரைப் பிடுங்கினேன். அதற்குள் பதினாறு சதவீதம் ஓடியிருந்தது.

அண்ணன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டிஸ்க் ஸ்டிக்கரில் தயாரித்த தேதியே இருக்கிறது, ஒரு தடவை படித்திருந்தால் போதும். படித்துவிட்டு வேலைக்கு வந்தவன் நான்தானே.

மூன்று நாள் ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டினோம்; அழியாத மிச்சத்தையும் சாகிற டிஸ்க் படிக்க விடவில்லை. முகூர்த்தம் போச்சு. தாலி கட்டியது, மாமன் சீர்... மேடையில் எடுத்த ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெயர் தொலைந்துபோன ஒரே ஒரு கிளிப் கிடைத்தது. பந்தி. எடிட்டிங்கில் நாங்கள் முதலில் வெட்டித் தள்ளுவது அதைத்தான்.

வனிதாவை வரச் சொல்லி நடந்ததை அப்படியே சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை. கிளிப்பை ஓடவிட்டேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் அப்பா இலை இலையாகப் போகிறார்.

"ஏப்பா, அந்தக் கடைசி எலைக்கு ரசம் வரல பாரு... நல்லாச் சாப்பிடுங்கத்தே, இம்புட்டும் ஒங்களுக்குத்தேன் செஞ்சது."

இருபது நிமிடம். முழுக்க அவர்தான், அவர் குரல்தான். வனிதா அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்கு அப்பா மேடைக்கே வரலண்ணே. தாலி கட்டுறப்ப ஓடியாந்து கீழ நின்னே அச்சதையப் போட்டுட்டு ஓடிட்டாரு. பந்தியிலயேதேன் கெடந்தாரு."

அப்போதுதான் எனக்கு நிஜமாகத் தூக்கிவாரிப் போட்டது. டிஸ்க் நன்றாகவே இருந்து, நானும் ஒழுங்காக எடிட் செய்திருந்தால், பாட்டெல்லாம் போட்டு மூன்று மணி நேர டிவிடி கொடுத்திருப்பேன். அதில் அவள் அப்பா இருந்திருக்க மாட்டார். நானே வெட்டியிருப்பேன்...

அதற்காக என் தப்பு தப்பில்லை என்று ஆகிவிடாது. தன் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்க்க அவளிடம் இன்று வரை ஒரு வீடியோ இல்லை.

ஸ்டுடியோவை மூடிவிட்டு அண்ணன் கே.கே. நகரில் மகனோடு இருக்கிறார். நான் கப்பலூரில் ஒரு கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறேன். இங்கே எல்லாம் தானாகவே மூன்று இடத்தில் சேவ் ஆகிவிடுகிறது. டிஸ்க் செத்தால் யாரும் பதறுவதில்லை, மாற்றிவிட்டு டீ குடிக்கப் போகிறோம். கல்யாண வீட்டில் கையில் போன் இல்லாத ஆளே இல்லை. அத்தனை போனும் மேடையைப் பார்த்துத்தான் நிற்கிறது.

போன வாரம் வனிதா கூப்பிட்டாள். சின்ன மகனுக்குக் காதுகுத்தாம்.

"வீடியோவுக்கு ஆள் சொல்லியாச்சுண்ணே. நீங்க ஒங்க போனை மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க. அம்மா பந்தியிலதேன் நிக்கும்... நீங்க அங்கனயே நில்லுங்க."