கைப்பிடியில் கட்டிய துண்டு

செந்துறை ரோட்டில் பாலம் கட்டிய இடத்தில் நான் டிப்பர் லாரி ஓட்டினேன். இருந்த புளியமரங்களையும் ரோட்டை அகலப்படுத்த வெட்டியாகிவிட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்தால் சித்தாள்களுக்கு நிழல் என்று இருந்தது என் லாரியின் அடி மட்டும்தான். படுக்காதீர்கள் என்று கத்திப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? கடைசியில் எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். அடியில் படுக்கிறவர் தலைத்துண்டை டிரைவர் கதவின் கைப்பிடியில் கட்டிவிட வேண்டும். எழுந்து வந்து அவரே அவிழ்க்கும்வரை வண்டி நகராது.

அந்தச் சித்திரை மத்தியானம் மேஸ்திரி தூரத்திலிருந்து கத்தினார்.

"வண்டிய பின்னாடி எடுப்பா! கலவ வண்டி வந்து நிக்கிது!"

ஓடி வந்தேன். முகமெல்லாம் வியர்வை. காலையில் என் துண்டை அதே கைப்பிடியில் காயப் போட்டிருந்தேன். அதுதான் என்று நினைத்து அவிழ்த்து உருவினேன். முடிச்சு இருந்தது விரலுக்குத் தெரிந்தது, புத்திக்கு எட்டவில்லை. முகத்தைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

ரிவர்ஸில் ஒரு முழம்கூடப் போயிருக்காது. அடியிலிருந்து ஒரு பெண்ணின் அலறல். பிரேக்கை மிதித்துத் திரும்பினால், பக்கத்து சீட்டில் என் துண்டு மடித்தபடி கிடக்கிறது. எப்போதோ நானே எடுத்து வைத்திருக்கிறேன். அப்படியானால் தோளில் கிடப்பது? அந்த நொடியின் பயம் இன்றுவரை என்னை விடவில்லை.

நான் அக்கா என்று கூப்பிடும் சித்தாள் அது. பின்சக்கரம் அவர் இடது பாதத்தின் மேல் நின்றிருந்தது. வண்டியை முன்னால் எடுக்க வேண்டியவனும் நான்தான். கியரைப் போட்டு அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன்.

துண்டு காற்றில் பறந்திருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதைச் சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டேன். அவ்வளவு கோழை நான்.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். துண்டைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்று பஸ் முழுக்க அதே பயம். பாதத்தை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"வா தம்பி, சாப்ட்டியா?" என்றார் அக்கா. பிறகு கண் கலங்கியது. "எம்மேலதான் தப்பு. முடிச்ச இறுக்கிப் போடாம தூங்கிட்டேன். பாவம், ஒனக்குல்ல கெட்ட பேரு."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"முடிச்சு இறுக்கமாத்தான் இருந்துச்சுக்கா. நான்தான் அவுத்தேன்."

அக்கா என் பக்கம் நீட்டியிருந்த நல்ல காலை மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.