பனியன் முதுகில் எட்டு வரி

நான் கவிஞன் என்பது அவிநாசியிலிருந்து சேவூர் வரைக்கும் தெரியும். சேவூரைத் தாண்டினால் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியாது. கல்யாண வாழ்த்து, காதுகுத்து ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று என் வரி தொங்காத மின்கம்பம் இந்தப் பக்கம் குறைவு. ஒருமுறை காதுகுத்துக்கு எழுதியதை அஞ்சலி போஸ்டருக்கும், அஞ்சலிக்கு எழுதியதைக் காதுகுத்துக்கும் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வீட்டிலும் நன்றாக இருக்கிறது என்றார்கள். என் கவிதையின் தரத்துக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் இதுவரை கிடைக்கவில்லை.

பிழைப்புக்கு ஊராட்சிப் பள்ளி ஒன்றில் தமிழ் வாத்தியார். ஐந்து ஆசிரியர்கள், ஒரு வேப்பமரம், வருடத்துக்கு வருடம் இளைத்துக்கொண்டே போகும் வருகைப் பதிவேடு. அந்த வருடம் தலைமையாசிரியை எங்களை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். எண்ணிக்கை எடுக்க அலுவலர் வருவதற்குள் இன்னும் ஆறு பிள்ளைகள் சேர வேண்டும். சேராவிட்டால் ஒரு ஆசிரியர் அதிகம் என்று கணக்காகிவிடும். எங்களில் கடைசியாக வந்தவர் வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டும்.

கடைசியாக வந்தவர் ஒன்றாம் வகுப்பு டீச்சர். திருநெல்வேலிப் பக்கம். கணவர் இங்கே பனியன் கம்பெனியில் டெய்லர். மூன்று வருடம் எங்கோ மலையடிவாரத்துப் பள்ளியில் தனியாக இருந்துவிட்டு, போன வருடம்தான் மாறுதல் வாங்கி வந்து இருவரும் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவர் அழவில்லை.

"இப்பதான் சார் கேஸ் கனெக்‌ஷன் மாத்துனோம்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. பொறுக்காதபோது மற்றவர்கள் ஏதாவது உருப்படியாகச் செய்வார்கள். நான் கவிதை எழுதுவேன்.

எட்டு வரி. 'கதவு உண்டு, தாழ் இல்லை. கணக்கு உண்டு, கசப்பு இல்லை. வேம்பு உண்டு, வெயில் இல்லை' என்று போகும். 'உப்புமா உண்டு' என்ற இடத்தில் தலைமையாசிரியை நிறுத்தினார்.

"காலைச் சாப்பாடு தினமும் உப்புமா இல்லீங்களே சார். பொங்கல், கிச்சடியெல்லாம் இருக்குதுங்க. உப்புமான்னு போட்டா வர்ற பிள்ளையும் ஓடிப் போயிருமுங்க."

கவிதையில் மெனு கார்டு போட முடியாது என்று விளக்கினேன். ஏழாவது வரி 'பெஞ்சு உண்டு, பிள்ளை இல்லை.' எட்டாவது வரியில்தான் திருப்பம்: 'நீ வந்தால், இல்லை என்பதே இல்லை.' அதற்குக் கீழே, எட்டு வரியையும் தாங்கிப் பிடிப்பதுபோல் என் பெயர்.

என்னிடம் படித்த ஒருவர் அவிநாசி ரோட்டில் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறார். வெளிநாட்டுக்காரன் கலர் சரியில்லை என்று கழித்துவிட்ட மாம்பழ மஞ்சள் பனியன்கள் அவரிடம் கிடந்தன. முதுகில் கவிதையை அச்சடித்துத் தருகிறேன், பிள்ளைகளுக்குப் போட்டு ஊர்வலம் போங்கள் என்றார். கவிதையைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க சார், நாலு வரியாக்கிரலாமுங்களா?"

"எட்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்குதப்பா. ஒன்றை உருவினால் சரிஞ்சிரும்."

"இல்லீங்க சார், ஒரே ஸ்கிரீனுல எல்லா சைஸும் அடிக்கோணும். எழுத்தைச் சின்னதாக்கினாலும் தூரத்துல தெரியாதுங்க. எதுக்கும் சாம்பிள் பாத்துச் சொல்லுங்க."

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாம்பிள் பார்த்து கையெழுத்துப் போட்டால்தான் மிஷின் ஓடும். அதுவும் ஒரு சைஸைப் பார்த்து யாரும் போட மாட்டார்கள். சின்னதிலிருந்து பெரியது வரை எல்லா அளவையும் வரிசையாக விரித்துவைத்துப் பார்ப்பார்கள். இங்கே பால்காரருக்குக்கூட அது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அவர் முதலில் எடுத்துக் கொடுத்தது எக்ஸ்எல். போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைத் திருப்பினேன். என் முதுகு எட்டு வரிக்கு என்றே படைக்கப்பட்ட முதுகு. எட்டு வரியும் இருந்தது, அதன் கீழ் என் பெயரும் இருந்தது. கழற்றாமலேயே கையெழுத்துப் போட்டேன்.

"சின்ன சைஸு பாக்கலீங்களா சார்?"

"கவிதைக்கு ஏதப்பா சின்ன சைஸ்" என்றேன். அதையும் அழகாகச் சொல்லிவிட்டதாக வீடு வரைக்கும் சந்தோஷப்பட்டேன்.

ஊர்வலத்தன்று காலையில் மூட்டை வந்தது. பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வரிசையில் நிறுத்திய பிறகுதான் பார்த்தேன். சின்னப் பனியன்கள் எல்லாவற்றிலும் ஏழு வரிதான். எட்டாவது வரியும் என் பெயரும் துணி போதாமல், பிரிண்டிங் டேபிளிலேயே தங்கிவிட்டன. எங்கள் பள்ளியின் அத்தனை பிள்ளைகளும் 'பெஞ்சு உண்டு, பிள்ளை இல்லை' என்று முதுகில் அறிவித்தபடி மேளத்துக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். முழுக்கவிதை இருந்த ஒரே இடம் என் முதுகு. அதைப் படிக்க எனக்குப் பின்னால் யாருமில்லை.

கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குள் போனோம். குழாயடியில் ஒரு பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, முன்னால் போன பிள்ளையின் முதுகை நிறுத்தி வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளையே இல்லாத பள்ளிக்கூடத்துக்கு என் பிள்ளைய எதுக்கு அனுப்பச் சொல்லுதிய?"

எட்டாவது வரியின் தத்துவத்தை விளக்க வாயைத் திறந்தேன். அதற்குள் ஒன்றாம் வகுப்பு டீச்சர் முன்னால் வந்துவிட்டார்.

"இல்லைன்னுதானக்கா கேட்டு வந்திருக்கோம். இருந்தா இந்த வெயில்ல எதுக்கு அலையுதோம்?"

அந்தப் பெண் குடத்தை மறந்துவிட்டார். "நீங்க எந்த ஊரு டீச்சர்?"

ஊர் பெயரைச் சொன்னார். அதற்கு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தான் அந்த அக்காவின் ஊர். அப்புறம் எனக்கு அங்கே வேலையே இல்லை. யார் வீட்டுக்கு யார் எப்படி உறவு என்று பேசிக்கொண்டே இருவரும் நாலு வீட்டு வாசலுக்குப் போய்வந்தார்கள். அந்த அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், பக்கத்து வீடுகளில் இரண்டு. ஆக நாலு. நான் குடத்துக்குக் காவல் இருந்தேன்.

மீதி இரண்டு பேர் என் கவிதையால் வந்தார்கள். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். லைனின் கடைசி வீட்டில் பீகார்க்காரர் ஒருவர், துணி பின்னும் நிட்டிங்கில் வேலை. அவருடைய மகளும் மகனும் மஞ்சள் பனியனைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "யே மிலேகா?" என்று அப்பா கேட்டார். கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் தலையாட்டினேன். மறுநாள் சேர்த்துவிட்டார். என் வாசகர்களில் என் எழுத்தை ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாத இரண்டு பேர்தான் அதற்காகத் தேடி வந்தவர்கள்.

எண்ணிக்கை எடுக்க அலுவலர் வந்த நாள். பிள்ளைகளோடு நானும் மஞ்சள் பனியனில் வர வேண்டும் என்று தலைமையாசிரியை முந்தின நாளே சொல்லிவிட்டார். பிரார்த்தனை முடிந்து பார்த்தால், கடைசியாக ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பீகார்ப் பிள்ளைகள் இரண்டு பேரையும் காணோம். அலுவலர் ஐந்தாம் வகுப்பிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். கணவருக்குப் போட போனை எடுத்த ஒன்றாம் வகுப்பு டீச்சர், போடாமலேயே பையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், உங்க வண்டிச் சாவி குடுங்க."

கொடுத்தேன். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். என்னிடம் கவிதை எதுவும் கேட்கவில்லை, "ஐயாவுக்கு டீ வாங்கியாங்க" என்றார். வாங்கி வந்து, வாழ்நாளிலேயே மெதுவாக ஆற்றிக் கொடுத்தேன். அவர் மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று முடித்து, ஒன்றாம் வகுப்பு வாசலுக்கு வந்தபோது வண்டிச் சத்தம் கேட்டது. இரண்டு பிள்ளைகளையும் முன்னும் பின்னும் வைத்து டீச்சர் வந்து இறங்கினார். பனியன் இரண்டும் சொட்டச் சொட்ட ஈரம்.

"காலையில அவங்கம்மா தொவச்சுப் போட்டுட்டாங்க சார்" என்று என் காதோரம் சொன்னார். "இதைப் போடாம வர மாட்டோம்னு ரெண்டும் கொடிக்குக் கீழ உக்காந்து, காயுமா காயுமான்னு பாத்துக்கிட்டு இருக்கு."

அலுவலர் எண்ணினார். தலைமையாசிரியையின் உதடுகளும் கூடவே எண்ணின. கணக்குச் சரியாக வந்தது. பேனாவை எடுத்தவர், ஈரத்தில் உடம்போடு ஒட்டிப் பளிச்சென்று தெரிந்த அந்தச் சின்ன முதுகைக் குனிந்து வாசித்தார். ஏழாவது வரியில் நின்றார்.

"பிள்ளை இல்லைன்னு எழுதி ஒட்டியிருக்கறீங்க. நான் இருக்குதுன்னு எழுதோணுங்களா? யாருங்க இதை எழுதுனது?"

வாழ்வில் எத்தனையோ மேடைகளில் இந்தக் கேள்விக்காக ஏங்கியிருக்கிறேன். அன்று முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "தெரியலீங்க, பிரிண்டிங்காரங்க ஏதோ அடிச்சுட்டாங்க" என்றேன்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் தன் துப்பட்டாவால் பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சார், திரும்பி நில்லுங்க" என்றார், வகுப்பில் சொல்லும் அதே குரலில்.

திரும்பினேன். சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் அலுவலர் முதல் வரியிலிருந்து என் பெயர் வரைக்கும் நிதானமாக வாசிப்பது கேட்டது. பிறகு பேனா மூடி கழற்றும் சத்தம்.